கடலைக் கேட்கிற பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லங்கோட்டுப் பக்கம், நீரோடிக்கும் பொழியூருக்கும் நடந்தே போகிற தூரத்தில் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசையும் மறைக்கல்வியும் முடிந்து, சோறு உண்டு, மூன்று மணிக்குப் பிள்ளைகள் திண்ணைக்கு வருவார்கள். கடலைப் பற்றி வாசிப்போம், வரைவோம். ஐந்தரைக்கு விட்டுவிடுவேன். பிள்ளையைக் கூப்பிட வருகிற அம்மாமார் வாசலில் நின்று கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரலாமா? அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராதே?

வரலாம், வந்துகொண்டும் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பொழியூர்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் எழுதுகிறவர்கள். அதனால் இங்கே எல்லாவற்றையும் நான் உரக்க வாசித்துவிடுவேன். ஒரு பொது நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்கம். பெயரைத் தமிழில் ஒருவர், மலையாளத்தில் ஒருவர் எழுதுவார்கள். பாதிப் பெயர்கள் ஒன்றாகவே இருப்பதைக் கண்டுபிடித்தது பிள்ளைகள்தான். சாளை இங்கேயும் சாளை, அங்கேயும் சாளை. சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் அதை மத்தி என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படங்கள் நிறைந்த கடல் புத்தகங்கள் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்து வாசகசாலையிலிருந்துதான். பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த கிரந்தசாலை இயக்கத்தின் பலனை எல்லையைத் தாண்டிப் போய் நான் அனுபவிக்கிறேன். இந்தப் பக்கத்திலும் புத்தகம் இல்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நல்ல கடல் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. பூட்டிய அலமாரி. பிள்ளைகள் அழுக்காக்கிவிடுவார்களாம்!

என் மகன் கடலைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. என்ன செய்வது?

தெரிந்தாலும் உடனே சொல்லாதீர்கள். கேள்வியை அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதவையுங்கள். எழுதத் தெரியாத வயதென்றால் வரையட்டும்.

எங்கள் கேள்வி நோட்டிலிருந்து சில: மீன் தண்ணி குடிக்குமா? கடலுக்கு உப்பு போட்டது யாரு? கடலுக்கு அடியில மழை பெய்யுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்டது ஆறு வயதுப் பெண். பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் பதிலோடு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மேலே வாழ்ந்து சாகிற நுண்ணுயிர்களும் அவற்றின் கழிவும் துகள் துகளாக ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஆழ்கடலில் விளக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது பனி பொழிவதுபோலத் தெரிந்தது. கடல்பனி என்றே அதற்குப் பெயர். வெயில் எட்டாத ஆழத்தில் வாழும் பல உயிர்களுக்கு மேலேயிருந்து விழுகிற அதுதான் சாப்பாடு. அன்றைக்கு எல்லோரும் கறுப்புச் சார்ட்டில் வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். கேள்வி கேட்டவள் வைத்ததில்தான் புள்ளிகள் குறைவு. கேட்டேன். "அடியில எல்லாம் தின்னுட்டு டீச்சர்" என்றாள்.

மீன் தண்ணீர் குடிக்குமா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவீர்கள். கடல்மீன் குடிக்கும். உடலிலுள்ள நீரை வெளியிலிருக்கும் உப்புநீர் இழுத்துக்கொண்டே இருப்பதால் குடித்தாக வேண்டும். மிஞ்சுகிற உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளிவிடும். ஆற்றுமீனுக்கு நேர்மாறு. அதன் உடலுக்குள் தண்ணீர் தானாகவே ஏறும், அது குடிப்பதே அபூர்வம். உப்புக் கேள்வி இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. பாறையையும் ஆற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் நெய்யாறு கடலில் சேருகிற பூவாற்றுக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், எண்ணைச் சொன்னாலும் பிள்ளைக்குப் பிடிபடவில்லை.

பெரியவர்களுக்கும் பிடிபடாது. அதற்கு எங்களிடம் ஒரு கயிறு இருக்கிறது. பழைய வலைக்கயிறு, 11 மீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மீட்டர் ஆழம் என்று கணக்கு. ஒரு முனையைத் திண்ணைத் தூணில் கட்டினால் மறுமுனை முற்றத்துத் தென்னையைத் தாண்டிப் போகும். தூண்தான் கடல்மட்டம். அங்கிருந்து வண்ணநூல் முடிச்சுகள்.

ஒரு சென்டிமீட்டரில் முதல் முடிச்சு. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை உளியால் கொத்தி எடுக்க மூச்சைப் பிடித்து முங்குகிறார்களே, அந்த அண்ணன்மாருக்கானது அது. 2 சென்டிமீட்டர் விழிஞ்ஞம் துறைமுகம். அங்கே கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையான ஆழம் உண்டு, பெரிய கப்பல்கள் வந்து நிற்பது அதனால்தான். 20 சென்டிமீட்டரில் மஞ்சள் நூல். செடி வளரப் போதுமான வெயில் அதோடு தீர்ந்தது. ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டால் சூரியவெளிச்சம் என்பதே கிடையாது. 3.7 மீட்டர் உலகக் கடல்களின் சராசரி ஆழம். 6 மீட்டரில் நீலநூல். மூன்று பேரை ஏற்றி அந்த ஆழத்துக்கு அனுப்ப, சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் உட்காருகிற டைட்டானியம் உருண்டையின் விட்டம் 2.1 மீட்டர்தான். அதைச் சாக்பீஸால் தரையில் வரைந்து மூன்று பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்தோம், ஐந்து நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது. 8.85 மீட்டர் எவரெஸ்டின் உயரம். அதைத் தலைகீழாகக் கடலில் முக்கினாலும் இன்னும் இரண்டு மீட்டர் கயிறு மிச்சம் இருக்கும். 10.9 மீட்டரில், பசிபிக்கின் மரியானா அகழியில், கயிறு முடிகிறது. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்த் என்ற கலத்தில் அந்த அடித்தரையைத் தொட்டார்கள். இறங்க ஏறக்குறைய 5 மணி நேரம், அங்கே இருந்தது 20 நிமிடம்.

கயிற்றை வேண்டுமென்றேதான் எடுத்தேன். கடலின் ஆழத்தை முதலில் அளந்ததும் கயிறுதான். 1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு 1876 வரை கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல், 1875 மார்ச் 23 அன்று பசிபிக்கில் எடை கட்டிய கயிற்றை இறக்கியது. 4,475 பாகம் போனது. ஆமாம், நம் ஆட்கள் இரண்டு கையையும் விரித்துக் கயிறு அளக்கிற அதே பாகம்தான். அவர்கள் அதை ஆறடி என்று வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தங்கள் கையால் எங்கள் கயிற்றை அளந்து பார்த்து ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். "எனக்க பாகத்துக்குக் கடலு இன்னும் ஆழம்" என்று குட்டையான ஒருவன் பெருமைப்பட்டான்.

பார்க்காத ஒன்றைப் பிள்ளை எப்படி வரையும்? இணையத்தில் படம் எடுத்துக் கொடுத்தால் என்ன?

படத்தைக் கொடுத்தால் படத்தைப் பார்த்து எழுதுவான். காதால் கேட்டு வரைவது வேறு வேலை. இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1930-களில் வில்லியம் பீப் என்ற அமெரிக்கர், ஓட்டிஸ் பார்ட்டன் என்பவரோடு ஒரு இரும்பு உருண்டைக்குள் உட்கார்ந்து பெர்முடா தீவருகே கடலில் இறங்கினார். உருண்டை ஒரு எஃகு வடத்தில் தொங்கும். கூடவே ஒரு தொலைபேசிக் கம்பி. 1934 ஆகஸ்ட் 15 அன்று 923 மீட்டர் போனார்கள். அதற்கு முன் யாரும் உயிரோடு அந்த ஆழத்தைக் கண்டதில்லை. ஆழத்து இருளைப் படமெடுக்க அன்றைய கேமராவால் ஆகவில்லை. கண்ணாடித் துளை வழியே கண்டதையெல்லாம் பீப் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே படகில் குளோரியா ஹாலிஸ்டர் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளையும் பீப் வாய்மொழியாகச் சொன்னதையும் வைத்து எல்சே போஸ்டெல்மான் என்ற ஓவியர் அந்த மீன்களை வரைந்தார். உடம்பெல்லாம் விளக்கு வரிசை, ஊசிப் பல், திறந்த வாய். உலகம் ஆழ்கடலைக் கண்டது கேள்விப்பட்டு வரைந்த அந்தப் படங்களில்தான். எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்லமுடியாது. பீப் கண்டதாகச் சொன்ன சில மீன்களை இன்றுவரை வேறு யாரும் பார்க்கவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "எனக்க அப்பா போன்ல சொன்னா நான் வரையலாமா டீச்சர்?"

அவளுடைய அப்பா ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிக்கிற போட்டில் போகிறவர். தூத்தூர் வட்டாரத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. 30, 40 நாள் கடலில் கிடந்துவிட்டுக் கொச்சித் தோப்பும்படியில் ஏறும்போதுதான் போனில் பேசுவார்கள். அந்த வாரம் அவர் அழைத்தபோது, போட்டுக்கு அணைய ஒரு பெரிய மீன் வந்து மெதுவாக நீந்திப் போனதைச் சொன்னார். "முதுகு நிறைய வெள்ளப் புள்ளி மக்களே. உங்க அம்மை முற்றத்துல கோலத்துக்கு வைக்கமாட்டாளா, அதுபோல. நம்ம வள்ளத்தவிட நீளம். வாய் அகலம், ஆனா ஒண்ணும் செய்யாது." அவள் கேட்டது அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு, முழு சார்ட்டையும் நிறைத்து ஒரு மீனைக் கொண்டுவந்தாள். முதுகில் கோலப்புள்ளி, ஏழுக்கு ஏழு, நேர்வரிசையில்.

அது திமிங்கிலச் சுறா. மீன்களிலேயே பெரியது. 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிக்கச் சட்டம் விடாது. அவளுடைய அப்பா புள்ளியைக் கவனித்தது எவ்வளவு சரி என்றால், ஒவ்வொரு திமிங்கிலச் சுறாவுக்கும் அந்தப் புள்ளிகளின் அமைப்பு வேறு, நம் கைரேகை மாதிரி. ஒரு சுறாவை மறுபடி அடையாளம் காண, வானத்து விண்மீன் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க எழுதிய கணக்குமுறையை ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் புள்ளிகளுக்குள் சப்தரிஷி மண்டலத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடலோரத்திலேயே பிறந்த பிள்ளைக்குக் கடலில் என்ன அதிசயம் இருக்கப்போகிறது?

நானும் அப்படி நினைத்ததுண்டு. கடலை வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் ஒரே படத்தைத்தான் போடும். கீழே மணல், நடுவில் அலை, மேலே பாதிச் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. ஒருநாள் மாற்றிக் கேட்டேன். கடலுக்குள்ளிருந்து பார்த்தால் கரை எப்படி இருக்கும்?

யாருக்கும் தெரியவில்லை. தாத்தாவிடம் கேட்டுவரச் சொன்னேன். அப்போதுதான் கணிச்சம் வெளியே வந்தது. கரையில் பக்கத்தில் இருக்கும் ஒன்றையும் தூரத்தில் இருக்கும் ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் பார்ப்பது கணிச்சம். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் இந்த மலைமுகடு நேராக வந்தால் நீங்கள் ஒரு கோட்டின் மேல் நிற்கிறீர்கள். வேறு திசையில் இன்னொரு ஜோடியும் நேராக வந்துவிட்டால் இரண்டு கோடும் வெட்டுகிற இடம் உங்கள் கட்டுமரத்துக்கு அடியில். அங்கேதான் பார் இருக்கும், மீன் கூடுகிற கடலடிப் பாறை. திசைகாட்டியோ ஜிபிஎஸ்ஸோ இல்லாத காலத்தில் கட்டுமரத்தில் போனவர்கள் கண்ணுக்குத் தெரியாத பாறைகளை இப்படித்தான் பெயர் சொல்லி வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு ஜியோமிதியில் இரண்டு நேர்கோடு வெட்டும் புள்ளி என்று படித்துவிட்டு, தாத்தா பள்ளிக்கூடமே போனதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பையன் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவரிடம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரம் வந்த படங்களில் மலை முன்னால் வந்திருந்தது. அலை இல்லை, தென்னை இல்லை. நீலத்தில் நான்கு முகடு, ஒரு கோபுரம், ஒரு விளக்குமாடம். பிள்ளைகள் ஊரை முதன்முதலாக வெளியே நின்று பார்த்திருந்தார்கள். இந்தப் பகுதியில் வேறு எந்த ஓவியப் பயிற்சியையும் நான் இதற்குச் சமமாக வைக்கமாட்டேன். தாத்தாமார் போய்விட்டால் கேட்க ஆளில்லை என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் அவசரமும் உண்டு.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

படம் பெரிதாக, எழுத்துக் குறைவாக இருக்கிற எதிலும். பத்து வயதுக்கு மேல் என்றால் ஜூல் வேர்னின் நீர்மூழ்கிக் கதையை வாசித்துக் காட்டுவேன். அதன் தலைப்பில் வருகிற 20,000 லீக் (லீக் ஒரு பழைய தூர அளவு) என்பது ஆழம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கடலுக்கடியில் போன தூரம். அவ்வளவு ஆழத்துக்குப் பூமியில் இடமே கிடையாது. அந்த நீர்மூழ்கியின் கேப்டன் நெமோ இலங்கைப் பக்கம் முத்துக்குளிக்கிற ஒருவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி ஒரு பை முத்தையும் கொடுத்துவிடுகிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நெமோ ஒரு இந்திய இளவரசர் என்பது பிறகு வந்த வேறொரு நாவலில்தான் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிக் கெடுத்துவிட்டேன்.

புத்தகமே கிடைக்கவில்லை என்றால் கடலுக்கான பழைய சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நீர், ஆழி, பரவை, பௌவம். ஒரு சொல்லை எழுதிப்போட்டு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

மீனை அச்செடுக்கிறீர்களாமே, வீட்டில் செய்வது எப்படி?

ஜப்பான் மீனவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பிடித்த மீனுக்குக் கணக்காக அதன் மேலேயே மையைத் தடவிக் காகிதத்தில் ஒற்றி வைத்தார்கள். அதிலிருந்து ஒரு கலையே வளர்ந்துவிட்டது, கியோதாக்கு என்பார்கள். நாங்கள் செய்வது அதன் ஏழைத் தம்பி.

செதில் திடமாகத் தெரிகிற மீன் வேண்டும். கிளிமீன் நன்றாக வரும். சாளை நசுங்கிவிடும். கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டு வழவழப்புப் போகக் கழுவித் துணியால் ஒற்றுங்கள், ஈரம் இருந்தால் எல்லாம் வீண். தெர்மோகோலில் படுக்கவைத்துச் செட்டைகளை விரித்துக் குண்டூசி குத்துங்கள். சிரட்டைக்கரியை மைபோல அரைத்துக் கஞ்சித்தண்ணீரில் குழைத்துத் தலையிலிருந்து வாலுக்கு மெல்லிசாகப் பூசுங்கள். கண்ணில் பூசக்கூடாது. மேலே பட்டம் ஒட்டுகிற தாளைப் போட்டு விரல்நுனியால் தடவிக்கொண்டே போனால் ஒவ்வொரு செதிலும் எழும்பி வரும். தாளை எடுத்த பிறகு கண்ணை மட்டும் கையால் வரைய வேண்டும். அந்த ஒரு புள்ளியை வைக்கப் பிள்ளைகள் படுகிற பாடு இருக்கிறதே, கை நடுங்கும். கண் வைத்ததும் மீன் நம்மைப் பார்க்கும்.

மீனைக் கழுவித் தோலுரித்துக் குழம்பு வைக்கலாம் என்று நான் சொன்னதை நம்பி ஒரு அம்மா வைத்தாராம். வீட்டில் யாரும் தொடவில்லை. பூனைக்குப் போனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

பெண் பிள்ளைக்கு எதற்குக் கடல்? கரையிலிருந்து மீன் விற்கவா?

இதைக் கேட்டவர் ஒரு பாட்டி, தாமே மீன் விற்றவர். பதிலுக்கு மேரி தார்ப்பைப் பற்றிச் சொன்னேன். 1950-களில் அமெரிக்காவில் ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்றமாட்டார்கள். ஆண்கள் கப்பலில் போய் ஒலியனுப்பி அளந்துகொண்டு வந்த ஆழங்களை, தார்ப் கரையில் மேசையருகே உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடுகிற மலைத்தொடரின் முதுகில் ஒரு நீளப் பள்ளத்தாக்கு இருப்பதை அந்தக் கோடுகளில் கண்டார். கூட வேலைசெய்தவர் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். கண்டங்கள் நகர்கின்றன என்பதற்குப் பெரிய சாட்சியாக வந்து நின்றது அந்தப் பள்ளத்தாக்கு. 1977-இல் வெளிவந்த முழு உலகக் கடலடி வரைபடத்துக்கு ஓவியர் ஹைன்ரிக் பெரான் வண்ணம் கொடுத்தார். கரையில் இருந்துகொண்டு கடலுக்கு முகம் வரைந்த பெண் என்று பாட்டிக்குச் சொன்னேன். "கப்பல்ல ஏத்தினானுவளா இல்லியா?" என்றுதான் கேட்டார். 1960-களில்தான் ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னேன். இந்தியக் கடற்படையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், கோழிக்கோட்டுத் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும், தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். வழியில் நெமோ முனை என்ற இடத்தைக் கடந்தார்கள், எந்தக் கரைக்கும் ஏறக்குறைய 2,688 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடம். கேப்டன் நெமோவின் பெயர்தான். பாட்டியின் பேத்தி இப்போது ஒழுங்காக வருகிறாள்.

கடல் என்றாலே என் பிள்ளை பயப்படுகிறாள். ஒக்கிப் புயலில் எங்கள் வீட்டில் ஆள் போனது. கூட்டிவரலாமா?

அவள் கேட்டால் கூட்டிவாருங்கள். கேட்காவிட்டால் வேண்டாம். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்கூட அந்த ராத்திரியை வீட்டுப் பேச்சில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். இங்கே யாரையும் கடலை வரை என்று நான் சொல்வதில்லை. மலை வரையலாம், வலை வரையலாம், ஒன்றுமே வரையாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். ஒரு பையன் நான்கு மாதம் வெறும் நங்கூரமாக வரைந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பயத்தோடு கேட்கிற கேள்விக்கு மட்டும் முழுப் பதில் கொடுத்துவிடுவேன். "காத்தே இல்ல, பிறகு ஏன் கடலு வீட்டுக்குள்ள வந்தது?" என்று ஒருத்தி கேட்டாள். அதைக் கள்ளக்கடல் என்று நம் கரையில் சொல்வோம். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் அடிக்கும். அங்கே எழுந்த நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து சில நாள் கழித்து இங்கே வந்து ஏறும். நமக்கு வானம் தெளிவாக இருக்கும். நம்மூர்ச் சொல்லையே 2012-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. ஒக்கிக்குப் பிறகு ஆழ்கடல் போகிற படகுகளில் செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கும் கருவிகளும் பொருத்தத் தொடங்கினார்கள். இதைச் சொல்வதால் பயம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் திருடன் எந்த வழியாக வருகிறான் என்று தெரிந்தது பரவாயில்லை என்றாள்.

கரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வரலாமா?

காலியான சிப்பி, கிளிஞ்சல், காய்ந்த கணவாய் ஓடு, கட்டை எல்லாம் சரி. கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் தொடக்கூடாது, கொட்டினால் ஆபத்து. கரையில் ஒதுங்கிய நீலக்குமிழிச் சொறிமீன் செத்ததுபோல் கிடந்தாலும் கையைப் பொசுக்கும். கடல்குதிரை, பவளம், கடல் அட்டை போன்றவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கடலரிப்புத் தடுக்கப் போட்ட பெரிய கற்களில் ஏறிப் பொறுக்கவே கூடாது. இதில் நான் கண்டிப்பு.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு கொள்கலன் கப்பல் மூழ்கியபோது இந்தக் கரை முழுக்க வெள்ளையாகச் சிறு உருண்டைகள் ஒதுங்கின. ஜவ்வரிசி என்று நினைத்து ஒரு குட்டி சட்டைப்பை நிறைய அள்ளி வந்தான். பிளாஸ்டிக் செய்கிற மூலப்பொருள் அது. அதையும் ஒரு தாளில் ஒட்டி, நாள் போட்டு, கேள்வி நோட்டில் வைத்திருக்கிறோம்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. முதலில் வரையட்டும், பிறகு பார்க்கட்டும்.

படிப்புக்கு, வேலைக்கு உதவுமா?

கடல் அறிவியல் படிக்கக் கொச்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீன்வளம் படிக்க நாகப்பட்டினத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரியவர்களாகிக் கேட்டால் வழி சொல்வேன். ஏழு வயதில் கேட்காதீர்கள்.

அப்பாமார் வரலாமா?

ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில். அப்போது தாராளமாக வரலாம். மற்ற மாதங்களில் வரச்சொன்னாலும் ஆளில்லை.

போன தடைக்காலத்தில் திமிங்கிலச் சுறா வரைந்த பிள்ளையின் அப்பா வந்தார். சுவரில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். புள்ளியை எண்ணினார். "எல்லாம் சரிதான் மக்களே, வாலு மட்டும் இல்ல" என்றார். அவள் வாலைப் படுக்கவைத்து வரைந்திருந்தாள். அவர் உள்ளங்கையைத் தரைபார்க்க வைத்து மேலும் கீழும் ஆட்டினார். "இப்பிடி ஆட்டுனா திமிங்கலம்." பிறகு கையைச் செங்குத்தாக நிறுத்தி இடமும் வலமுமாக வீசினார். "இப்பிடின்னா சுறா." திண்ணையிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் கையை ஆட்டிப் பார்த்தார்கள். அவள் மட்டும் ரப்பரை எடுத்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினாள். கலர் அடித்த சார்ட்டில் ரப்பர் ஏறுமா, தாள் கிழிந்துவிட்டது. வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டி அதன்மேல் புதுவால் வரைந்திருக்கிறது. வந்தால் பாருங்கள், வாசலுக்கு இடதுபக்கம்.